8,000 ரூபாயில் ஒரு கிறிஸ்துமஸ்: கடனும் வேண்டாம், குப்பையும் வேண்டாம்

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். போன கிறிஸ்துமஸுக்கு 18,000 ரூபாய் செலவாகி, ஜனவரியில் ஒரு வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. இந்த முறை 8,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், பிளாஸ்டிக் குப்பையும் சேரக் கூடாது. ஆனால் "நம்ம வீட்ல மட்டும் ஒண்ணுமே இல்ல" என்று பிள்ளைகள் முகம் வாடிவிடவும் கூடாது. என்ன செய்யலாம்?

செய்யலாம். எங்கள் ஊர்க் கோயிலில் பல வருடம் இளைஞர் குழுவோடு சேர்ந்து குடில் கட்டியவன் நான். வீட்டுக் கணக்கும் என் கையில்தான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. 'இயற்கைக்கு உகந்தது' என்று அட்டை ஒட்டி விற்கும் எதையும் வாங்கப் போகாதீர்கள். நானும் ஒரு வருடம் ஆர்வக் கோளாறில் இணையத்தில் ஒரு குட்டி மூங்கில் மரம் வாங்கினேன். 1,400 ரூபாய். காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் மூன்று சுற்று, அதற்கு மேல் ஒட்டு நாடா, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பிரித்து முடித்தபோது மரத்தைவிடக் குப்பைதான் பெரிதாக இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு விதி ஒன்றுதான்: பரணில் இருப்பது முதலில், தோட்டத்தில் கிடைப்பது அடுத்தது, கடை கடைசி.

இந்த விதி பிளாஸ்டிக் மரத்துக்கும் பொருந்தும். உங்கள் பரணில் பழைய பிளாஸ்டிக் மரம் கிடந்தால் குற்ற உணர்வோடு தூக்கிப் போட வேண்டாம், அதையே வையுங்கள். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு போட்ட கணக்குப்படி, 2 மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றால் காற்றில் சேரும் கரியமில வாயு சுமார் 40 கிலோ. வெட்டிய நிஜ மரத்தைப் பண்டிகை முடிந்து எரித்துவிட்டால் அது 3.5 கிலோதான். ஆக, ஒரு பிளாஸ்டிக் மரம் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தால்தான் அதை வாங்கியதற்கு நியாயம். அது அந்த ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வாங்கியாகிவிட்ட பொருளை முடிந்தமட்டும் உழைக்க விடுவதுதான் சரி.

அப்புறம் பணம். போன வருடத்து 18,000 எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் செலவு என்றதும் எல்லாரும் ஸ்டாரையும் குடிலையும் பற்றித்தான் பேசுவோம். பெரும்பாலான வீடுகளில் பெரிய செலவு துணி, அடுத்தது சாப்பாடு, அலங்காரம் மூன்றாவதுதான். அதனால் என் கணக்கு இப்படி: துணிக்கு 3,400, பலகாரத்துக்கும் 25-ஆம் தேதிச் சாப்பாட்டுக்கும் 3,100, பரிசுக்கும் காணிக்கைக்கும் 600, அலங்காரத்துக்கு 500. மீதி 400-ஐத் தொடாமல் வையுங்கள். அது எதற்காவது வேண்டியிருக்கும், எப்போதும் வேண்டியிருக்கும்.

அலங்காரத்துக்கு 500 போதுமா என்று கேட்பீர்கள். ஸ்டாரிலிருந்து தொடங்கலாம். கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ஸ்டாருக்கு ஆயுள் ஒரு வருடம், மிஞ்சிப் போனால் இரண்டு. மடிப்பில் கிழிந்தால் எந்தக் காயலான்காரரும் எடுக்க மாட்டார். மூங்கில் ஸ்டார் அப்படியில்லை. ஒரு தடவை சட்டம் கட்டிவிட்டால் பத்து வருடம் மேலே துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

கட்டுவது கஷ்டமில்லை. மூங்கிலைப் பிளந்து 3 அடி நீளத்தில் 10 சிலாகை, அரை அடி நீளத்தில் 5 துண்டு. ஐந்து சிலாகையைத் தரையில் வைத்து, பள்ளியில் கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அந்த வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஐந்து முனையையும் சணலால் கட்டுங்கள். மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டியதும் தட்டையாக இருக்கும். இப்போது நடுவில் சிலாகைகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடத்திலும் அரை அடித் துண்டுகளை இரு சட்டத்துக்கும் இடையே செருகி நிறுத்துங்கள். ஸ்டார் வயிறு உப்பி எழுந்து நிற்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், நிச்சயம். பசைக்கு மைதாவைக் காய்ச்சினால் போதும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. முதல் வருடம் பட்டம் விடும் தாளை ஒட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. டிசம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றிருக்காது என்பது மட்டும் மறந்துபோச்சு. ஒரே ராத்திரி மழை. காலையில் வாசலில் தொங்கியது எலும்புக்கூடு, கீழே சிவப்புச் சாயம் கரைந்த தண்ணீர். சின்னவள் அழுத அழுகையில், என் பழைய நான்கு முழ வேட்டியைக் கிழித்து ஒட்டினேன். உள்ளே மஞ்சள் நிற பல்பு போட்டதும் தெருவிலேயே எங்கள் ஸ்டார்தான் அழகு என்று எதிர்வீட்டு மதினி சொன்னார்கள். அன்றிலிருந்து வேட்டிதான். இறவாரத்துக்கு உள்ளே தள்ளித் தொங்கவிட்டால் சாரலும் படாது.

உள்ளே குண்டு பல்பு மட்டும் வேண்டாம். அதன் சூட்டில் துணி கருகும், தாளாக இருந்தால் பற்றிக்கொள்ளும். செலவையும் பாருங்கள். டிசம்பரில் 30 நாள், தினம் 6 மணி நேரம் என்றால் 180 மணி. 60 வாட் குண்டு பல்பு 10.8 யூனிட் இழுக்கும், 5 வாட் எல்இடி 0.9 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் வாடகை வீட்டில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக வாங்கினால் இந்தப் பத்து யூனிட்டும் உங்கள் பையிலிருந்துதான் போகும். சீரியல் செட் எரியவில்லை என்றால் உடனே புதிது வாங்காமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், பாதி நேரம் பிளக்கில் ஒரு கம்பி அறுந்திருக்கும். இரவு 10 மணிக்கு மேல் தெருவில் யாருமில்லை. அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

குடிலுக்கு வருவோம். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் ஏற்பாடு செய்த குடில்தான் இந்த வழக்கத்துக்கு அடித்தளம் என்பார்கள். அதில் இருந்தது என்ன? ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். நாமோ அதைத் தெர்மாகோல் அரண்மனையாக மாற்றிவிட்டோம். மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் இருக்கிறது. இருந்தும் டிசம்பரில் கண்ணில் படத்தான் செய்கிறது. அதை உடைத்துத் தூவிய 'பனி' காற்றில் பறந்து ஓடைக்குப் போகும், அங்கிருந்து பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. அதுவும் நாகர்கோவிலில் பனி எதற்கு? பெத்லகேமிலேயே பனி எப்போதாவதுதான் விழும். பிள்ளைகள் பனி வேண்டும் என்று அடம் பிடித்தால் கிழிந்த தலையணையிலிருந்து ஒரு கைப்பிடி இலவம்பஞ்சு எடுத்துக் கொடுங்கள்.

வாடகை வீட்டுக்கு இரண்டடி அகலக் குடில் தாராளம். ஏதாவது ஒரு அட்டைப்பெட்டியை ஒருபக்கம் திறந்து கவிழ்த்து, செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து இரண்டு தடவை பூசினால் மண்சுவர் மாதிரியே வெடிப்பு விட்டுக் காயும். கூரைக்கு வைக்கோல். கன்னிப்பூ என்ற முதல் போக நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டிருக்கும் காலம் அது. மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு கட்டு கேட்டால் காசு வாங்க மாட்டார்கள். கொஞ்சம் பலகாரம் கொடுத்தால் ஆயிற்று.

பச்சைக்குப் பாசி வாங்காதீர்கள். பாறையிலும் மரத்திலும் உரித்துக்கொண்டு வருவது அது, திரும்ப வளர வருடக்கணக்காகும். அதற்குப் பதில் பழைய தாம்பாளத்தில் ஈர மண் பரப்பிக் கேழ்வரகு விதையுங்கள், முளைப்பாரி போடுகிற மாதிரிதான். ஒரு ராத்திரி ஊறவைத்து டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் 24-ஆம் தேதி நான்கு விரல் உயரத்துக்கு மெத்தென்று நிற்கும். நெல் என்றால் இரண்டு நாள் முந்தி விதைக்க வேண்டும். மறந்துபோனால் கவலையில்லை, 18-ஆம் தேதி வெந்தயம் போடலாம். தினம் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். நாங்கள் ஒரு வருடம் கட்டிலுக்கடியில் வைத்து நூடுல்ஸ் மாதிரி வளர்த்திருக்கிறோம்.

சொரூபங்களுக்குத்தான் கொஞ்சம் பணம். முழு செட்டையும் ஒரே தடவையில் வாங்காதீர்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் குடில் பொம்மையும் மண்ணில் செய்கின்றன. அந்தப் பக்கம் யாராவது போனால் சொல்லி விடுங்கள். இந்த வருடம் மாதா, சூசையப்பர், பாலன் மூன்று மட்டும். அடுத்த வருடம் இடையர்கள். அதற்கடுத்த வருடம் மூன்று ராஜாக்கள். அவர்களும் தொலைவிலிருந்து வர வேண்டியவர்கள்தானே, தாமதமானால் தப்பில்லை. ஆடு மாடுகளைப் பிள்ளைகளே களிமண்ணில் பிடிக்கட்டும். எங்கள் வீட்டு ஒட்டகம் நாய் மாதிரி இருக்கும், ஏழு வருடமாக அதைத்தான் வைக்கிறோம், மாற்ற விட மாட்டேன் என்கிறார்கள். 24 நள்ளிரவில்தான் பாலனை முன்னணையில் வைக்க வேண்டும் என்ற வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்காகப் பிள்ளைகள் தூக்கம் விழித்துக் காத்திருப்பதுதான் குடிலின் பாதி சந்தோஷம்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை போதும். கம்புக்கும் காகிதக் கூழுக்குமாகச் சில வருடங்களில் வெட்டும் பயிர் அது. வேரிலேயே தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளமாக்கும் மரம். வெட்டும்போது கழிக்கும் பக்கக் கிளைதான் நமக்கு வேண்டியது. கடற்கரையில் காற்றுக்கும் மணலுக்கும் தடுப்பாக நட்டிருக்கும் சவுக்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஈர மணல் நிறைத்த வாளியில் நட்டுத் தினம் ஒரு செம்பு தண்ணீர் விட்டால் பண்டிகை தாண்டும். தொட்டியில் நிற்கும் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் இதுகூட வேண்டாம், அதற்கே விளக்கு போடலாம்.

தொங்கவிடுவதற்கு அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள். சாமி படம் போட்ட முகப்பை எடுத்து வைத்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். அந்தத் தடித்த அட்டைக்கும் பொன்னிற அச்சுக்கும் எந்தக் கடை ஸ்டாரும் ஈடாகாது. நம் மாவட்டத்தில் ரப்பர்க் கொட்டைக்குப் பஞ்சமில்லை, பளபளவென்று புள்ளிபோட்டிருக்கும். துளை போட்டுச் சரம் கோக்கலாம். மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பொடி செய்த பிளாஸ்டிக். பொங்கல் வரை வீட்டு மூலையில் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

துணி. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டு ஆராதனைக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உங்கள் 18,000 வீங்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு ஜோடி போதும். 25-ஆம் தேதி உடுத்தியதைத் துவைத்து 31-ஆம் தேதி ராத்திரி உடுத்தினால் கோயிலில் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாண்டுக்கு வேறு வேண்டுமென்றால், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடு கைமாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் அண்ணன் சட்டைதான் தம்பிக்கு, அதற்கு 'பசுமை' என்றெல்லாம் பெயர் கிடையாது. பெரியவர்களுக்கு கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி இருக்கும்போதே பருத்தி எடுத்துவிடுங்கள். பாலியெஸ்டர் மலிவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணீரில் போகும், போதாக்குறைக்குப் புழுங்கும். தைக்கக் கொடுப்பதை நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். 24 ராத்திரி தையல் கடை வாசலில் நின்று, கடைசியில் ரெடிமேட் கடைக்கு ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த வருடம் இரட்டைச் செலவு.

பலகாரம் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் தேர்வு வேண்டும். முந்திரி, பாதாம் போட்ட இனிப்பு வாங்கினால் 3,100 ஒரே நாளில் தீரும். நம் ஊர் முந்திரிக்கொத்தில் பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு பருப்பு கிடையாது. மூன்று மூன்றாக ஒட்டிக் கொடிமுந்திரி, அதாவது திராட்சைக் குலை போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். சிறுபயறை மணக்க வறுத்துப் பொடித்து, தேங்காய்த் துருவலை ஈரம் போக வதக்கி, ஏலமும் சுக்கும் சேர்த்து, வெல்லப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தால் இரண்டு வாரம் கெடாது. தேங்காய் சரியாக வதங்காவிட்டால் நாலாம் நாளே ஊசல் வாடை அடிக்கும், அதைக் கவனியுங்கள். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாம், வாசமே தனி. ஆனால் நல்ல கருப்பட்டி மலிவு இல்லை. மலிவாகக் கிடைத்தால் அதில் சீனிப் பாகு கலந்திருக்கும் என்றே வையுங்கள்.

அச்சு முறுக்குக்கு நான்கு கப் பச்சரிசி மாவு, ஒரு கப் சீனி, இரண்டு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கொஞ்சம் எள், ஒரு சிட்டிகை உப்பு. மாவு தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அச்சை முதலில் பத்து நிமிடம் காயும் எண்ணெயிலேயே கிடத்துங்கள், பிறகு மாவில் முக்கால்பாகம் மட்டும் முக்குங்கள். மேல்விளிம்பு மூடிவிட்டால் பூ கழன்று வராது. முதல் நாலைந்து உடையும். அது பிள்ளைகளுக்கு.

மிச்சம் பிடிக்கும் ரகசியம் சேர்ந்து சுடுவது. எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒரே நாள் உட்காருவோம். ஒருவர் வீட்டு அச்சு, இன்னொருவர் வீட்டு உருளி, அடுப்பு ஒன்று. எண்ணெயை நான்கு தடவை தனித்தனியாகக் காய வைத்து மீதியைக் கொட்ட வேண்டியதில்லை, கேஸும் மிச்சம். மிஞ்சிய எண்ணெயை அங்கணத்தில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். இதெல்லாம் சிக்கனக் கணக்கு. உண்மையில் நாங்கள் உட்காருவது பேச்சுக்காகத்தான்.

பிறகு பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது. தீபாவளிக்கு நமக்கு முறுக்கும் அதிரசமும் வந்த வீடு, பெருநாளுக்குப் பிரியாணி வந்த வீடு, எல்லாருக்கும் போக வேண்டும். இப்போது இதற்கென்றே மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் ஐம்பது நூறு என்று வாங்குகிறார்கள். எவர்சில்வர் தட்டில் வாழையிலையைப் போட்டு, மேலே துணி மூடிக் கொடுத்துப் பாருங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. கொஞ்சம் சீனி, இரண்டு வாழைப்பழம், குறைந்தது ஒரு கைப்பிடி அரிசியாவது இருக்கும். வெளியூருக்குக் கொடுத்துவிட வேண்டுமென்றால் பனையோலைப் பெட்டி இருக்கிறது. மணப்பாட்டுப் பக்கம் பெண்கள் முடையும் பெட்டிகள் வருடக்கணக்கில் உழைக்கும். வாங்கியவர் வீட்டில் அது வெங்காயக் கூடையாகிவிடும்.

கேக் சுடத் தெரியாவிட்டால் பேக்கரியில் அரைக் கிலோ வாங்குங்கள், டப்பாவை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். 25 மத்தியானத்துக்கு ஒரு கிலோ கறி, நான்கு பேருக்கு அது தாராளம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழி மூன்றும் வைத்தால்தான் பண்டிகை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றும் வைத்த வீடுகளில் 26-ஆம் தேதி எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று தூய்மைப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். விருந்தாளி வந்தால் வாழையிலை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதத் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கேரல் ரவுண்ட்ஸ் வரும் இளைஞர்களுக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். இருபது டம்ளர் கழுவுவது பெரிய வேலை இல்லை, கழுவ வேண்டிய ஆள் நீங்களாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பெரிய வேலை.

பரிசுக்குத் தாள் வாங்காதீர்கள். பளபளக்கும் பரிசுத்தாளில் பிளாஸ்டிக் படலம் இருக்கும், மறுசுழற்சிக்குப் போகாது. டிசம்பர் என்றால் வீட்டுச் சுவரில் பழைய மாதக் காலண்டர் தொங்கும். நல்ல தடித்த தாள். வண்ணப் படம் வெளியே வரும்படி சுற்றிச் சணலால் கட்டினால் அதைவிட அழகு வேண்டாம். பரிசாகச் செடி கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கேட்காதவர் கையில் கொடுத்த செடி ஜனவரி முடிவதற்குள் காய்ந்துவிடும். யாருக்குத் தோட்ட ஆசை இருக்கிறதோ அவருக்கு மட்டும் கொடுங்கள்.

வாழ்த்துக்கு ஒரு யோசனை, இந்தப் பதிலிலேயே மலிவானது இதுதான். தபால் அட்டை இன்னும் 50 பைசாதான். பத்து அட்டை வாங்கினால் 5 ரூபாய். பிள்ளைகள் ஒருபக்கம் குடில் வரைந்து, மறுபக்கம் தாத்தா பாட்டிக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் கைப்பட எழுதட்டும். டிசம்பர் முதல் வாரமே போட்டுவிடுங்கள். என் மாமியார் பேரன் எழுதிய அட்டையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதே பேரன் அனுப்பிய வாட்ஸாப் ஸ்டிக்கர் எங்கே போனதோ தெரியவில்லை.

வெடிக்கு என் கணக்கில் இடமே வைக்கவில்லை. ஆசைப்பட்டுக் கொஞ்சம் வாங்கினாலும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரைதான் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் நேரம் வைத்திருக்கிறது.

"பிள்ளைகள் முகம் வாடிவிடுமோ" என்ற பயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பக்கம் கொட்டியது. என் தங்கை வீடு தாமிரபரணி ஓரம். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். பிளாஸ்டிக் மரம், புது சீரியல் செட், பிள்ளைகளுக்கு எடுத்த துணி எல்லாம் சேற்றில். 23-ஆம் தேதி நாங்கள் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனபோது வீட்டில் மின்சாரமே இல்லை. தங்கையின் மகள்கள் இரண்டு பேரும் வெள்ளம் கொண்டுவந்து போட்ட குச்சியில் ஒரு குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கு ஒரு நனைந்த சாக்கு. பாலன் சொரூபம் தண்ணீரில் போய்விட்டதால் ஒரு அகல் விளக்கை ஏற்றி அந்த இடத்தில் வைத்தார்கள். இப்போது அவர்கள் வீட்டில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது, புது மரம்கூட வாங்கியாயிற்று. ஆனாலும் டிசம்பர் வந்தால் இரண்டு பேரும் பேசுவது அந்த அகல் விளக்குக் குடிலைப் பற்றித்தான். உங்கள் பிள்ளைகள் கையில் சாணியும் செம்மண்ணும் ஒட்டியிருக்கும் வரை அவர்கள் எதிர்வீட்டு மரத்தை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, கழற்றுவது. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் அடுத்த வருடத்து மிச்சம் இங்கேதான் தொடங்குகிறது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் உட்காருங்கள். வைக்கோல் கடன் வாங்கிய மாட்டுக்கே திரும்பப் போகட்டும். கேழ்வரகுப் பயிரை ஆடு இருக்கும் வீட்டில் கொடுங்கள். சவுக்குக் கிளையின் இலையைச் செடித் தொட்டிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிட்டுத் தண்டை அடுப்புக்கு வையுங்கள். சீரியல் விளக்கை உருட்டித் திணிக்காமல் ஒரு அட்டைத் துண்டில் நூல் சுற்றுகிற மாதிரி சுற்றுங்கள். மண் பொம்மைகளைப் பழைய பனியன் துணியில் தனித்தனியாகப் பொதிந்து வையுங்கள். ஸ்டாரிலிருந்து வேட்டித் துணியைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டு, மூங்கில் சட்டத்தை மட்டும் பரணில் உயரத்தில் தொங்கவிடுங்கள். பசை வாசத்துக்கு எலி வரும். எங்கள் சட்டத்தில் ஒரு முனையை அது கடித்த இடத்தில் போட்ட சணல் கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.